நான்காவது மூலை

கைமரத்தின் நீளக் கணக்கில் மூன்றாவது வர்க்கத்தைக் கூட்ட நான் மறந்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அதை மறந்தால் மரம் ஒரு மீட்டருக்கு மேல் குட்டையாகிப்போகும். கண்ணுள்ள எவனுக்கும் தெரியும். எல்லாரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள், புது மரம் அறுக்கச் சொல்லி அனுப்புவார்கள், அன்றைக்கே முடிந்துபோகும். இங்கே குறைவது கண்ணளவில் எட்டு சென்டிமீட்டர். அது சிரிக்கிற அளவு இல்லை. மறைக்கிற அளவு.

இதையெல்லாம் லியோபா வாய்விட்டுச் சொல்லவில்லை. கெபார்டின் பண்ணை வீட்டு முற்றத்தில், பாரந்தூக்கி வண்டிக்குப் பக்கத்தில், கழுத்தை அண்ணாந்து நின்றுகொண்டிருந்தாள். மேலே மூடுபனிக்குள் சுவர் மூலையிலிருந்து முகடுவரை சாய்ந்து ஏற வேண்டிய மூலைக் கைமரம் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஏழு மீட்டர் நீளம், ஃபிர் மரம், வெட்டிய இடமெல்லாம் இன்னும் பிசின் கசிகிற பச்சை. அதன் தலை முகட்டு வளையில் போய்ப் பொருந்திவிட்டது. கால்தான் உட்காரவில்லை. சுவர்மேல் படுத்திருந்த உத்தரத்தைக் கவ்வ வேண்டிய வெட்டுப்பள்ளம், காடி, உத்தரத்தின் உள்விளிம்பை மட்டும் விரல்நுனியால் பிடிப்பதுபோலப் பிடித்து நின்றது.

"கொஞ்சம் இறக்கு" என்றார் மேலே நின்ற பட்டறையின் மூத்த தச்சர் செவெரின். இறக்கினார்கள். "ஏத்து" என்றார். ஏற்றினார்கள். மரம் அதே இடத்தில் நின்றது.

மற்ற மூன்று மூலையும் காலையில் சட்டென்று உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்று உட்காரும்போதும் மரத்தோடு மரம் சேரும் அந்தச் சத்தம், பெட்டி மூடுகிற சத்தம், பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டது. நான்காவதற்கு அந்தச் சத்தம் வரவில்லை.

லியோபா ஓட்மாரைப் பார்த்தாள். அவள் கணவன், இந்தப் பள்ளத்தாக்கின் கூரை மேஸ்திரி, ஏணியின் பாதியில் நின்றிருந்தான். கட்டையைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். தெரியாத ஊரில் இறங்கிவிட்டு பெயர்ப்பலகை தேடுகிறவனின் பார்வை.

"ஆப்பு" என்று கத்தினார் செவெரின். "ஓக்கு மரத்துல நல்லதா ரெண்டு. அப்படியே ஒரு பலகை."

ஆப்பு போனது. சுத்தியல் விழுந்தது. பலகை மறைத்தது. கீழே இருந்து பார்த்தால் இப்போது நான்கு மூலையும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

பள்ளிக்கூடத்தில் பிதாகரஸின் முக்கோணம் தாளில் படுத்துக் கிடக்கும். குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று, இரண்டின் வர்க்கத்தையும் கூட்டினால் சாய்வின் வர்க்கம். லியோபாவும் அப்படித்தான் படித்தாள். கல்யாணமாகி ஓட்மாரின் பட்டறைக்கு வந்த பிறகுதான் அந்த முக்கோணம் எழுந்து நிற்பதைப் பார்த்தாள். மூலைக் கைமரம் சுவர் நெடுக ஓடுகிறது, சுவருக்குக் குறுக்கே ஓடுகிறது, கூடவே வானத்தைப் பார்த்தும் ஏறுகிறது. மூன்று பக்கமும் ஒரே நேரத்தில். அதனால் மூன்று வர்க்கம் கூட்ட வேண்டும். பழைய தேற்றத்துக்கு ஒரு மாடி கட்டுகிற மாதிரி என்று அவளுக்குத் தோன்றியது. அன்றிலிருந்து பட்டறையில் மரத்தில் கோடு போடுகிறவள் அவள்தான். பெண்கள் கூரை ஏறக் கூடாது என்ற சட்டம் இருந்த வருஷங்களில் தரையில் நின்று கோடு போட்டாள். அந்தச் சட்டம் நீங்கிய வருஷமே தேர்வெழுதி மேலே ஏறினாள். ஓட்மார் அளந்து வருவான், அவள் கணக்குப் போடுவாள், செவெரின் அறுப்பார். மூன்று பேர், மூன்று வர்க்கம் என்று ஊரில் கேலி செய்வார்கள்.

ஓட்மார் அளந்து கொண்டுவரும் எண்ணை அவள் ஒருநாளும் சந்தேகித்ததில்லை, இந்தக் கோடைவரை.

கோடையில்தான் அவன் மர அறுவை மில்லுக்குப் போகிற பாதையில், பிறந்ததிலிருந்து போய்வருகிற பாதையில், வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தான். ஏன் என்று கேட்டதற்கு, "சும்மா, காத்து வாங்கினேன்" என்றான். பிறகு செத்துப்போன நாயின் பேரைச் சொல்லி இருக்கிற நாயைக் கூப்பிட்டான். அதற்கு நாய் வந்தது. நாய்க்கு என்ன, கூப்பிட்டால் வரும். லியோபா அடுப்பைப் பார்த்தபடி நின்றாள், திரும்பவில்லை.

அதன் பிறகு அவள் அவனுக்குத் தெரியாமல் அவன் அளந்த இடங்களைத் திரும்ப அளந்தாள். ஒருமுறை கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள்.

"என் பின்னாடியே டேப்பைத் தூக்கிக்கிட்டு வர்றியா?" என்று கேட்டான். கோபமாகக் கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். மெதுவாகக் கேட்டான். "நான் சின்னப்பிள்ளையா, லியோபா?"

"இல்ல" என்றாள். அதோடு விட்டுவிட்டாள். கெபார்டின் வீட்டை அவள் திரும்ப அளக்கவில்லை. அவன் முகம் அப்படி ஆவதை இன்னொருமுறை பார்க்கப் பயந்து, அளக்கவில்லை.

பத்து மணிச் சாப்பாட்டுக்கு எல்லாரும் தொழுவத்துக்குள் போனார்கள். பலகை மேசையில் கறுப்பு ரொட்டியும் புகைபோட்ட பன்றித் தொடைக்கறியும் ஊறின வெள்ளரிக்காயும் இருந்தன. ஜாடியில் புளித்த ஆப்பிள் மது. கெபார்டின் மனைவி அக்னெஸ் கத்தியோடு நின்று கறியைக் காகிதம் மாதிரி அரிந்துகொண்டிருந்தாள்.

"இவ்வளவு மெல்லிசா அரிஞ்சா அந்தப்பக்கம் மலை தெரியுதே, அக்னெஸ்" என்றார் செவெரின்.

"தடியா அரிஞ்சா நீங்க தூங்கிருவீங்க. என் கூரையை யாரு முடிக்கிறது?"

"கூரை முடிஞ்ச மாதிரிதான். சாயங்காலம் மேஸ்திரி ஏறி வாக்குச் சொல்லணும், கண்ணாடிக் கோப்பை உடையணும், அப்புறம் நீ பீப்பாயைத் திறக்கணும். அதுதானே முக்கியமான வேலை."

எல்லாரும் சிரித்தார்கள். ஓட்மாரும் சிரித்தான், மற்றவர்கள் சிரித்து ஒரு நொடி கழித்து.

லியோபா ரொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்து ஏணியில் ஏறினாள். நான்காவது மூலை பழைய மாட்டுத் தொழுவத்தின் கல்சுவர்மேல் நின்றது. மற்ற மூன்றும் புதுச் சுவர். ஓட்மார் மூலைகளைச் சரிபார்க்கும்போது நீலச் சுண்ணக்கட்டியால் ஒரு சின்னச் சிலுவை போடுவான், அது அவன் பழக்கம். முதல் மூலையில் ஒரு சிலுவை இருந்தது. இரண்டாவதில் ஒன்று. மூன்றாவதில் இரண்டு, பக்கத்தில் பக்கத்தில், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. நான்காவது மூலையில் கல் வெறும் கல்லாக இருந்தது.

ஒரே மூலையை இரண்டு தரம் அளந்திருக்கிறான். இரண்டாம் தரம் அளக்கும்போது முதல் சிலுவை கண்முன்னால்தானே இருந்திருக்கும்? அதைப் பார்த்து என்ன நினைத்தான்? யார் போட்டது என்று நினைத்தானா?

உத்தரத்தில் உட்கார்ந்தாள். பிறகு ஆணியில் டேப்பை மாட்டி, ஒரு சுவர் நெடுக மூன்று மீட்டர் குறித்தாள், மற்ற சுவர் நெடுக நான்கு. மூலை செங்கோணமென்றால் இரண்டு குறிக்கும் நடுவில் ஐந்து வர வேண்டும். வரவில்லை. ஒரு உள்ளங்கை அகலம் குறைந்தது. மூலை குறுகியிருந்தது. அந்தக் காலத்தில் கல் அடுக்கியவன் பாறை விட்ட வழியில் சுவரைக் கொண்டுபோயிருக்கிறான்.

கிடந்த துண்டுக்கட்டையில் பென்சிலால் கணக்குப் போட்டாள். பிதாகரஸ் வாக்குக் கொடுத்தது செங்கோணத்துக்கு மட்டும்தான். மூலை குறுகினால் கூரைக்காரன் அந்த வர்க்கங்களோடு இன்னும் ஒரு துண்டு கூட்ட வேண்டும். விரிந்தால் கழிக்க வேண்டும். மூலை நேராக இருந்தால் அந்தத் துண்டு பூஜ்யம், அதனால்தான் பள்ளிக்கூடத்தில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவள் அந்தத் துண்டைக் கூட்டினாள். எட்டு சென்டிமீட்டர் கூடுதலாக வந்தது. மூலை நேரென்று நம்பி அவள் போட்ட கணக்குக்கும் இந்தச் சுவருக்கும் நடுவில் சரியாக அந்த ஆப்பு உட்கார்ந்திருந்தது.

ஏணி கிறீச்சிட்டது. செவெரின் ஏறி வந்தார். கட்டையில் அவள் எழுதியதைப் பார்த்தார், இரட்டைச் சிலுவையையும் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"நான் காலையிலயே பாத்துட்டேன், மேஸ்திரியம்மா."

"பாத்துட்டா ஆப்பு வச்சீங்க?"

"பின்ன என்ன செய்யச் சொல்றீங்க? முற்றத்துல பாதி ஊர் நிக்குது. மேஸ்திரி மரம் குட்டைன்னு மைக் வச்சுச் சொல்லவா?" குரலைத் தாழ்த்தினார். "நாலு மூலையும் நேரா இருக்கிற வீடு இந்தப் பள்ளத்தாக்குல எங்க இருக்கு? சவப்பெட்டி ஒண்ணுதான் நேரா இருக்கும், அதுவும் புதுசா இருக்கிறவரைக்கும்."

"ஆப்பு எவ்வளவு நாளைக்குத் தாங்கும், செவெரின்?"

"ஓக்கு. தாங்கும்."

"கைமரம் பச்சை. காஞ்சா சுருங்கும். சுருங்கினா ஆப்பு ஆடும். மாசி மாசத்துல ஈரப்பனி ஒரு ஆள் உயரத்துக்கு ஏறி உக்காந்தா இந்தக் கால் எந்தப் பக்கம் போகும்?"

அடுத்த பள்ளத்தாக்கில் போன குளிர்காலம் ஒரு மாட்டுக்கொட்டகையின் மூலை ஈரப்பனியில் விரிந்து திறந்துகொண்டது. உள்ளே இரண்டு கிடாரிகள் செத்தன. அதைத் தோண்டி எடுத்தவர்களில் செவெரினும் ஒருவர்.

"இரும்புத் தகடு வச்சு போல்ட்டு போட்டுரலாம்" என்றார் அவர். "அடுத்த வாரம். ஓடு வேயுறதுக்குள்ள. நான் தனியா வந்து செய்றேன், ஒருத்தனுக்கும் தெரிய வேண்டாம்."

"கீழ அரை சாணுக்கு மரமே இல்ல. போல்ட்டை எதுல போடுவீங்க?"

"மேஸ்திரியம்மா." அவர் உத்தரத்தில் உட்கார்ந்தார். வயதான மனிதர், முழங்கால் சொடக்கிட்டது. "நான் அவர்கூட இருபது வருஷத்துக்கு மேல கூரை ஏறியிருக்கேன். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? போன மாசம் என்கிட்ட 'உன் பேரு என்னப்பா'ன்னு கேட்டாரு. நான் வேடிக்கைன்னு நினைச்சுச் சிரிச்சேன். அவர் சிரிக்கல."

லியோபா டேப்பைச் சுருட்டத் தொடங்கினாள். தான் மட்டும் தூக்கிக்கொண்டு திரிந்த பாரத்தை இன்னொருவரும் தூக்கித் திரிந்திருக்கிறார் என்றால் ஆறுதலாக அல்லவா இருக்க வேண்டும்? பயம்தான் கூடியது. இரண்டு பேருக்குத் தெரிந்தால் அது உண்மையாகிவிடுகிறது.

"இன்னைக்கு ஒருநாள்" என்றார் செவெரின். "இன்னைக்கு ஒருநாள் அவர் மேஸ்திரியா ஏறி எறங்கட்டும்."

இறங்கி வரும்போது அக்னெஸ் அவளைப் பிடித்துக்கொண்டாள். "வாங்க, ஒண்ணு காட்டணும்" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனாள். மூலைக்கு நேர் கீழே இருந்த அறை. இன்னும் சுவருக்குப் பூச்சு இல்லை. தரையில் சுண்ணாம்பால் இரண்டு நீளக் கட்டம் போட்டிருந்தது.

"பிள்ளைங்க கட்டில். மூத்தவ நேத்தே வந்து படுத்துப் பாத்துட்டா, வெறுந்தரையில. ஜன்னல் பக்கம் தனக்காம். சின்னவளுக்குச் சுவரோரம். ஒரே சண்டை." அக்னெஸ் சிரித்தாள். "மேல ரொம்பத் தட்டினீங்களே காலைல, ஏதாச்சும் பிரச்சினையா?"

"பழைய சுவர்" என்றாள் லியோபா. வாய் அதற்கு மேல் திறக்கவில்லை.

"அது எங்க மாமனார் மாதிரி. வளைஞ்சுதான் இருக்கும், ஆனா அசையாது."

லியோபா தலையை நிமிர்த்தி மேலே பார்த்தாள். கைமரங்களுக்கு நடுவே வானம் சாம்பல் நிறமாக இருந்தது. பலகையின் விளிம்பு தெரிந்தது. இந்தக் கட்டத்துக்குள் படுத்தால் ஒரு பிள்ளை தினமும் அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டேதான் தூங்கும் என்று நினைத்தாள். உள்ளங்கை வேர்த்திருந்தது. பாவாடையில் துடைக்கப்போய், வேலைக் கால்சட்டை அணிந்திருப்பது நினைவுக்கு வந்தது.

மாலை நான்கு மணிக்குள் மூடுபனி மலையடிவாரத்துக்கு இறங்கிவிட்டது. குளிர் ஏறியது. முகட்டில் சின்ன ஃபிர் மரக்கன்றை நட்டுக் கலர் ரிப்பன் கட்டியிருந்தார்கள். முற்றம் நிறைய ஆட்கள். வெங்காய அடையின் வாசனை தொழுவச் சாணி வாசனையோடு கலந்து வந்தது. வீட்டுக்காரன் கெபார்ட் வழக்கப்படி கடைசி ஆணியை அடிக்க மேலே ஏறி, மூன்று தரம் தவறவிட்டான்.

"மாடு கறக்கிற கைக்கு ஆணி எதுக்கு" என்று கீழேயிருந்து ஒருத்தி கத்தினாள்.

"மாட்டுக்கும் இப்படித்தான், நாலாவது தரம்தான் சிக்கும்" என்றான் இன்னொருவன்.

அடுத்தது வாக்கு. அந்தப் பள்ளத்தாக்கில் கூரை எழும்பிய அன்று மேஸ்திரி முகட்டில் ஏறி நின்று, இந்த வீடு நேராக நிற்கிறது, இதன் கீழ் நம்பிப் படுக்கலாம் என்று பாட்டாகச் சொல்லுவார். மதுவைக் குடித்துக் கண்ணாடிக் கோப்பையைக் கீழே எறிவார். அது உடைய வேண்டும். வாக்கு விழுந்த கூரையிலிருந்து பிறகு ஒரு கட்டையும் இறக்க மாட்டார்கள். அப்படி இறக்கினால் வீட்டில் சாவு விழும் என்பது பேச்சு. யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

லியோபா மரக்குவியலுக்குப் பின்னால் நின்றிருந்தாள். ஓட்மார் அவளைத் தேடிக்கொண்டு அங்கே வந்தான். கறுப்பு வெல்வெட்டுக் கோட்டும் அகலத் தொப்பியும் போட்டிருந்தான். அந்தக் கோட்டில் அவன் எப்போதுமே ஒரு சுற்றுப் பெரியவனாகத் தெரிவான். இன்று கோட்டுக்குள் அவன் சிறுத்திருந்தான்.

"லியோபா. நீ ஏறு."

"என்ன?"

"வாக்கு நீ சொல்லு. மொத வரி வருது." உதட்டை நனைத்துக்கொண்டான். "ரெண்டாவது வரி வரல. காலைலேர்ந்து தேடுறேன். மொத வரியைப் பிடிச்சுக்கிட்டுப் போனா வந்துரும்னு பாக்குறேன். போய்ப் போய் அதே மொத வரிக்கே வந்து நிக்கிறேன்."

அவன் இதுவரை தன் வாயால் சொன்னதில்லை. சொல்லிவிட்டான். சொல்லிவிட்டு, தண்ணீருக்குள் இறங்கியவன் பின்னால் திரும்பிக் கரையைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தான்.

அவள் அவன் கையைப் பிடித்தாள். சில்லிட்டிருந்தது.

"நாலாவது மூலை உட்காரல, ஓட்மார்."

"அளந்தேனே. நாலையும் அளந்தேன்."

"மூணாவதுல ரெண்டு சிலுவை இருக்கு. நாலாவதுல இல்ல."

அவன் கண்ணை மூடினான். நெற்றியில் நரம்பு துடித்தது. அந்த நாளைத் தேடுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. எந்த மூலையில் நின்றான், வெயிலா மழையா, டேப்பின் மறுமுனையை யார் பிடித்தது. தேடுகிற இடமெல்லாம் மூடுபனி. அவள் அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் அவன் கோட்டுப் பொத்தானைப் பார்த்தாள்.

"எவ்வளவு?" என்றான் கண்ணைத் திறக்காமலே.

"எட்டு."

"செவெரின் ஆப்பு வச்சானா?"

"வச்சார்."

"பனிக்குத் தாங்காது" என்றான். அதைச் சொன்ன குரல் பழைய குரல், மேஸ்திரியின் குரல். அவளுக்கு ஒரு கணம் அழுகையே வந்துவிட்டது, அவன் இன்னும் அங்கேதான் இருக்கிறான் என்று. "அந்தக் கைமரத்தைக் கழட்டிப் புது மரம் போடணும். நாளைக்குக் கழட்டிரலாம். மொதல் வேலையா நாளைக்கு. இன்னைக்கு மட்டும் நீ ஏறிச் சொல்லிரு. எல்லாரும் நிக்கிறாங்க. எனக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லு, தொண்டை கட்டிருச்சுன்னு சொல்லு."

"வாக்கு விழுந்தா கட்டையை இறக்க விடுவாங்களா?"

"நான் பேசிக்கிறேன் கெபார்ட்கிட்ட. நாளைக்கு."

நாளைக்கு. அவள் அந்தச் சொல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நாளைக் காலையில் அவன் எழுந்து காபி குடிப்பான், நாயைக் கூப்பிடுவான், ஏதோ ஒரு பேர் சொல்லி. இந்த மூலை அவனிடம் இருக்குமா? இருக்காது. அவள் மட்டும் வைத்திருப்பாள். அவனுக்கு ஞாபகப்படுத்த வேண்டும், ஞாபகப்படுத்தினால் அவன் முகம் இதேபோல் ஆகும். அதற்குப் பயந்து இன்னொரு நாள் தள்ளுவாள். ஓடு வேய்ந்துவிடுவார்கள். பனி விழும். ஒவ்வொரு இரவும் பனி விழும் சத்தம் கேட்காத சத்தமாகக் கேட்க, அவள் தன் படுக்கையில் கிடந்து, அந்தச் சுண்ணாம்புக் கட்டங்களையும் அதற்குள் உருண்டு படுக்கும் பிள்ளைகளையும் நினைத்துக்கொண்டிருப்பாள். பயம் அவளுக்குப் புதிதில்லை. ஆனால் இந்தப் பயத்தை அவள்தானே கட்டி, கூரை போட்டு, அதற்குள் குடிபோவதா?

இதைச் சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரிந்தது. ஏன் குட்டை என்று கேட்பார்கள். யார் அளந்தது என்பார்கள். இன்று இரவுக்குள் பள்ளத்தாக்கு முழுவதும் அவனைப் பற்றி மெல்லிய குரலில் பேசத் தொடங்கும். கடையில், கோயிலில், அவன் உள்ளே வந்ததும் நிற்கிற பேச்சு. இனி அவனை யாரும் கூரைக்குக் கூப்பிட மாட்டார்கள். அவன் வீட்டில் உட்கார்ந்திருப்பான். அவள் வேலையிலிருந்து வரும்வரை ஜன்னலோரம்.

"மேஸ்திரி" என்று முற்றத்திலிருந்து கெபார்ட் கூப்பிட்டான். ஒரு கையில் மது நிறைந்த கண்ணாடிக் கோப்பை. "என்ன பின்னாடி நின்னு பொண்டாட்டியைக் கொஞ்சிக்கிட்டு. தொண்டை காயுது இங்க."

சிரிப்பு. ஓட்மார் தன் தொப்பியைக் கழற்றினான். அதை இரண்டு கையாலும் பிடித்து அவளிடம் நீட்டினான்.

"சும்மா நாலு வரிப் பாட்டுதானே, லியோபா. உனக்கு மனப்பாடம். வருஷாவருஷம் கீழ நின்னு என்கூடவே முணுமுணுப்பியே, எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"

அவளுக்கு மனப்பாடம்தான். நான்கு வரியும் நாக்கின் நுனியில் வந்து நின்றன.

அவள் தொப்பியை வாங்கவில்லை. அதைப் பிடித்திருந்த அவன் விரல்களின்மேல் தன் கையை வைத்து, மெல்லக் கீழே இறக்கினாள்.

"இல்ல, ஓட்மார்" என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "நான் சொல்லமாட்டேன்."

"இன்னைக்கு மட்டும்" என்றான் அவன்.

"இன்னைக்கும் மாட்டேன்."